காரியதரிசிக்கு வந்த எழுச்சி

உளச்சமன் ஆதரவுச் சபைக்கு ஒரு தலைவர், இரண்டு உபதலைவர்கள், ஒரு காரியதரிசி, ஒரு பொருளாளர், மூன்று போசகர்கள், ஒரு மொறிஸ் மைனர் கார் எல்லாம் இருந்தன. இல்லாமல் இருந்தது நோயாளி மட்டுந்தான்.

இதைச் சபையின் பிழை என்று சொல்லிவிட முடியாது. மனநோயாளரையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் தாங்கிப் பிடிப்பதற்கென்றே உடுப்பிட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் கூடி அதைத் தொடங்கியிருந்தார்கள். முதல் இரண்டு வருடமும் பெயர் வைப்பதில் போயிற்று. 'விசர்' என்ற சொல் பெயர்ப்பலகையில் வரக்கூடாது என்பதில் எல்லோரும் ஒரே மனம். அதற்குப் பதிலாக என்ன வரவேண்டும் என்பதில் ஆளுக்கொரு மனம். பல கூட்டங்களுக்கும் ஒரு கைகலப்புக்கும் பிறகு 'உளச்சமன்' என்ற சொல் பிறந்தது. பலகை ஏறிய அன்று காலையில் மண்டப வாசலில் சனம் உரப் பையோடு வரிசையில் நின்றது. கூப்பன் கடையில் சீனியும் மாவும் கண்ணில் காணக் கிடைக்காத காலம் அது. பலகையில் 'உளச்சமன்' என்பதை எழுத்துக் கூட்டி வாசித்த யாரோ ஒருவர், உழுந்துச் சாமான் வந்திறங்கியிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அந்த வரிசை கலைந்துபோன பிறகு வாசலுக்கு வேறு எவரும் வரவில்லை.

காரின் கதையும் அதுதான். நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கவென்று போசகர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த கார் அது. இரண்டு பக்கமும் சபையின் பெயரைப் பெரிதாக எழுதி முடித்த பிறகுதான், இதில் ஏறினால் இன்ன வருத்தம் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று செயற்குழு யோசித்தது. ஆகவே நோயாளரின் மானத்தைக் காப்பாற்றும் பொருட்டுச் செயற்குழுவினரே அதில் ஏறித் திரிந்தார்கள்.

கனகாம்பிகைக்கு இந்த விபரம் ஒன்றும் தெரியாது. கடற்கரைப் பக்கத்தில் வள்ளத்து மிசின் திருத்துகிற மார்க்கண்டுவின் பெண்சாதி அவள். எந்த வள்ளத்தின் மிசின் இருமினாலும் மார்க்கண்டுவைத்தான் கூப்பிடுவார்கள். தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்த மனிசர். அவருக்குள்ளேயும் ஏதோ ஒன்று கழன்று சில வருடங்களாகிவிட்டன. ஒரு காலம் நித்திரை இல்லாமல், ஓயாமல் கதைத்து, கிடக்கிற மிசினையெல்லாம் கழற்றிக் குவித்து, இராமேசுவரத்துக்கு அரை மணித்தியாலத்தில் போகிற வள்ளம் கட்டப் போகிறேன் என்று நிற்பார். பிறகு ஒரு காலம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவார். சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். போன மாரியில் அப்படிப் படுத்தவர் ஒருநாள் தானாக எழும்பினார் என்று கனகாம்பிகை சந்தோசப்பட்டாள். அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். பின்னால் ஓடிப்போய்ச் சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது அவள்தான். அன்றிலிருந்து கிணற்றுக் கப்பிச் சத்தம் கேட்டாலே அவள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

நூல் கட்டி, பேய்க்குக் கழிப்புக் கழித்து, கடைசியாகத்தான் பஸ்ஸில் இரண்டு தரம் மாறிப் போகிற ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டொக்டர் வயதில் சின்னவர், பொறுமையில் பெரியவர். அவளுக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னார்.

"இது எழுச்சியும் வீழ்ச்சியும் மாறி மாறி வாற வருத்தம், அம்மா. குளிசையை ஒருநாளும் விடக்கூடாது. எழுச்சி துவங்கினால் உடனை இஞ்சை கொண்டு வந்திடுங்கோ. எவ்வளவு உயரத்துக்கு ஏறுறாரோ அவ்வளவு ஆழத்துக்கு விழுவார். ஒவ்வொரு முறையும் நீங்கள் கிணத்தடியிலை நிக்க மாட்டியள்."

எழுச்சி, வீழ்ச்சி என்ற இரண்டு சொல்லையும் கனகாம்பிகை பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் பண்ணிவிட்டாள். எழுச்சி என்றால் ஆபத்து, ஓட வேண்டும். இதைவிட அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. குளிசை வேலை செய்தது. இதை விழுங்கினால் கை நடுங்குது, சின்ன நட்டுப் பிடிபடுகுதில்லை என்று மார்க்கண்டு முணுமுணுத்தாலும் விழுங்கினார். சாப்பிட்டார், படுத்தார், எழும்பினார். ஒரு பெண்சாதிக்கு இதைவிட என்ன வேண்டும்.

சித்திரை பிறக்க எழுச்சியும் பிறந்தது. மிசின் திருத்தப் போனவர் வள்ளக்காரருக்குப் பிரசங்கம் வைத்துவிட்டு, மிசினை மணலில் கழற்றிப் போட்டது போட்டபடி வந்து சேர்ந்தார். குளிசைப் போத்தல் சட்டைப் பையில்தான் இருந்தது. விழுங்கினேன் என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போவம் என்று அவள் கெஞ்ச, பஸ்ஸில் ஏறி நெரிபட எனக்கு நேரமில்லை என்றார். அவரை அவளால் தூக்கிக்கொண்டு போக முடியுமா. உங்கடை பக்கத்தில் ஒரு சபை இருக்குதாம், காரும் இருக்குதாம், உதவி கேளுங்கோ என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். கேட்போம் என்று புறப்பட்டாள். கூட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் மார்க்கண்டு தானும் வாறன் என்று வேட்டி கட்டிவிட்டார். தெய்வம் கண் திறந்துவிட்டது, கூட்டத்தில் இருந்து நேரே காரில் ஏற்றிவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

கூட்டம் என்றால் லேசுப்பட்ட கூட்டம் இல்லை. குத்துவிளக்கை மூன்று போசகர்களும் வயது வரிசையில் ஏற்றினார்கள். யார் மூத்தவர் என்பதில் சிறிது நேரம் போனது. தேவாரம் படித்தார்கள். மறைந்த உறுப்பினர் ஒருவருக்காக எழுந்து நின்றார்கள். வரவேற்புரை ஆற்றியவர் மேடையில் இருந்த பதினொரு பேரையும் பட்டம் பதவியோடு வரவேற்றார். கீழே இருந்தவர்கள் ஒன்பது பேர். பிறகு முந்திய கூட்டத்து அறிக்கை வாசிக்கப்பட்டது. அதில் 'தேநீர் வழங்கப்பட்டது' என்று மட்டும் எழுதி வடையை விட்டுவிட்டதாகப் அப்போதைய காரியதரிசி மீது குற்றம் சாட்டப்பட்டு, அவர் அந்த இடத்திலேயே பதவியை எறிந்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். 'வேறு விடயங்கள்' என்ற இடத்துக்கு வந்து சேர வெயில் இறங்கிவிட்டது. அங்கே வேறு விடயமாகக் கனகாம்பிகை எழும்பி நின்றாள்.

"ஐயா, எங்கடை அவருக்கு எழுச்சி வந்திட்டுது."

மண்டபம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு கைதட்டியது.

தலைவர் சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலாயா றெயில்வேயில் பிரதம கிளாக்காக இருந்து பென்சன் எடுத்து வந்தவர். மேடையில் நின்றால் ஊர்க் கதை அவர் வாயில் வராது. "பெரியோர்களே, தாய்மார்களே. இந்தச் சபை தொடங்கிய நாள் முதலாக ஒரே ஒரு சொல்லைக் கேட்பதற்கு என் செவிகள் ஏங்கிக் கிடந்தன. அந்தச் சொல்லை இன்று ஒரு குடும்பப் பெண்ணின் திருவாயால் கேட்டேன். எழுச்சி. நமது இனத்துக்கு வேண்டியது எழுச்சி. நமது சமயத்துக்கு வேண்டியது எழுச்சி. அது ஒரு மிசின் திருத்துபவருக்கே வந்துவிட்டதென்றால், படித்தவர்களாகிய எங்களுக்கு வர இன்னும் எத்தனை காலம் செல்லும்?"

கனகாம்பிகை பதறிப் போனாள். அப்படி இல்லை ஐயா, அவர் நித்திரை கொள்ளுறேல்லை என்றாள். பொதுத் தொண்டனுக்கு நித்திரை ஏது என்று மேடையிலிருந்து பதில் வந்தது. வீட்டில் இருக்கிறதையெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார் என்றாள். வள்ளல் என்றார்கள். போறவாற எல்லோரோடும் சண்டை கொழுவுகிறார் என்றாள். அநீதியைக் கண்டால் பொறுக்காதவர் என்றார்கள். பொருளாளர் அருளம்பலம் பிரக்கிராசி, கோட்டில் வழக்குப் பேசுகிறவர். சபையின் சட்டதிட்டங்கள் அடங்கிய யாப்பை எழுதியவர் அவர்தான். அவர் எழும்பி மிகவும் இரக்கத்தோடு அவளுக்கு விளங்கப்படுத்தினார்.

"நித்திரை கொள்ளாமல், வீட்டுக் காசை வெளியிலை வீசி, கண்டவனோடை கொழுவி, என்னைப் போல ஒருத்தன் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு திரியிறது வருத்தமெண்டால், தங்கச்சி, இந்த மேடையிலை இருக்கிற எங்கள் எல்லாரையுமெல்லோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்."

சபை வயிறு குலுங்கச் சிரித்தது. கனகாம்பிகை சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் பிழை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மார்க்கண்டுவை இரண்டு வார்த்தை பேசும்படி அழைத்தார்கள். அவர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். கடல், மிசின், மனம், சிவபெருமான், சுயஸ் கால்வாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடுத்து, மனிச மனமும் ஒரு மிசின்தான், அதற்குப் பெற்றோல் ஊற்ற ஆளில்லை என்று முடித்தபோது போசகர் ஒருவர் துவாயால் கண்ணைத் துடைத்தார். மேடையில் காரியதரிசியின் கதிரை அப்போதுதான் வெறுமையாகியிருந்தது. சாதாரண நாளில் அந்தக் கதிரைக்கு என்ன படிப்பு, என்ன குடும்பம், எந்தப் பகுதி என்று பத்துக் கேள்வி கேட்பார்கள். அன்றைக்கு வேலை செய்ய ஓர் ஆள் அகப்பட்ட சந்தோசத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மார்க்கண்டு ஏகமனதாகத் தெரிவானார்.

அருளம்பலம் மட்டும் யாப்பைப் புரட்டினார். சபையின் ஆதரவைப் பெறுவோர், மனநோய்க்கு மருந்து உட்கொள்வோர் எவரும் சபையில் பதவி வகிக்கலாகாது என்று ஒரு பிரிவு இருந்தது. மார்க்கண்டு உடனே சட்டைப் பைக்குள் கைவிட்டுக் குளிசைப் போத்தலை எடுத்துத் தலைவருக்கு முன்னால் மேசையில் வைத்தார். இனி எனக்கு இது தேவையில்லை என்றார். அன்றைக்கு விழுந்த கைதட்டலில் அதுதான் பெரிது.

கனகாம்பிகை மேடைக்கு ஓடிப்போய்ப் போத்தலை எடுக்கக் கை நீட்டினாள். மாதர் பகுதித் தலைவி பத்மாசினி ரீச்சர் அந்தக் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்து, புருசன்மாருடைய பொதுவாழ்க்கைக்கு நாங்கள் குறுக்கே நிற்கக் கூடாது, தங்கச்சி என்று புத்தி சொன்னார். போத்தல் சபையின் கண்ணாடி அலுமாரிக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த வருடத்து ஆண்டறிக்கையில் 'சபையின் முயற்சியால் பூரண சுகமடைந்தோர்: ஒருவர்' என்று பதிவாயிற்று.

அதன் பிறகு சபை ஓடிய ஓட்டத்தைச் சொல்லி மாளாது. காரியதரிசி மார்க்கண்டு ஏழு உபகுழுக்களை அமைத்தார். உபகுழுக்களைக் கண்காணிக்க ஒரு குழு, அந்தக் குழுவோடு கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்த இன்னொரு குழு. சோர்வு ஒழிப்பு வாரம் என்று ஒன்று வந்தது. அந்த வாரம் முழுக்க விடியமுன் ஒழுங்கை ஒழுங்கையாக ஒலிபெருக்கி கட்டிய கார் போய், படுத்திருந்தவர்களை எழுப்பி, சோர்வு அடையாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. அடுத்ததாக அகில இலங்கை உளச்சமன் மகாநாடு நடத்துவதென்று தீர்மானமாயிற்று. அதற்கு நோட்டீஸ் அடிக்க மார்க்கண்டு மிசின் திருத்துகிற தன் ஆயுதப் பெட்டியை விற்றார். அவருடைய தகப்பன் கொடுத்த நட்டுச் சாவிகளும் அதற்குள்தான் கிடந்தன. தலைவர் அந்தத் தியாகத்தை மூன்று கூட்டங்களில் எடுத்துப் பேசினார்.

கனகாம்பிகை கார் கேட்டுத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். கார் சம்பந்தமான விண்ணப்பம் எல்லாம் காரியதரிசி மூலம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து காரியதரிசியிடம் கேட்டாள். மார்க்கண்டு குசினி வாசலில் நிமிர்ந்து நின்று, விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது என்றார். நோயாளி பூரண சுகத்தோடு இருப்பதாகக் காரியதரிசிக்கு நேரடியாகத் தெரியும், காரும் ஒழிவில்லை என்றார்.

வேறு வழியில்லாமல் அவள் தனியே பஸ் ஏறி டொக்டரிடம் போனாள். ஆளைப் பார்க்காமல் நான் என்ன செய்ய, அம்மா என்று அவர் தலையில் கை வைத்தார். பிறகு சபைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். திரு மார்க்கண்டுவுக்குக் கடும் எழுச்சி, தயவுசெய்து உடனடியாகக் கொண்டு வரவும் என்பதுதான் அது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தத் துண்டை அவள் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டு வந்தாள்.

சோமசேகரம் அதை மேடையில் நின்று உரக்க வாசித்தார். எழுச்சி என்று இதுவரை நாம்தான் சொன்னோம். இன்று வைத்தியத் துறையே கடும் எழுச்சி என்று சான்றளித்துவிட்டது என்றார். 'கொண்டு வரவும்' என்ற சொல்லுக்கு அருளம்பலம் பொருள் கண்டார். நமது எழுச்சியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு வரும்படி அங்கே உள்ளவர்கள் ஏங்கிக் கேட்கிறார்கள். போகாமல் விட்டால் மரியாதையில்லை.

போனார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வரை பஸ் பிடித்துப் போய், அங்கிருந்து ஊர்வலம். முன்னுக்கு மேளம், பின்னுக்கு மாதர் பகுதி, நடுவில் கார். காரின் கூரையில் மார்க்கண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஊர்வலம் நின்றது. அவர் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கவும் கனகாம்பிகை சனத்தை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கிளினிக்கில் இருந்த நோயாளர்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"டொக்டர், அவர் வாசலிலை நிக்கிறார். கூரையிலை நிக்கிறார். கெதியா வாங்கோ."

டொக்டர் ஒரு நோயாளி சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் விட்டு எழும்பி, ஆஸ்பத்திரிக் கங்காணியையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர்கள் வாசலுக்கு வரும்போது ஊர்வலம் அடுத்த சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது. மார்க்கண்டுவின் வெள்ளைச் சால்வை மட்டும் ஒருக்கால் தெரிந்தது. கனகாம்பிகை தெருவோரத்தில் குந்தி இருந்து அழுதாள். இவ்வளவு கிட்ட வந்தும் கிடைக்கவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மகாநாட்டுக்கு ஒரு கிழமை இருக்கையில் மார்க்கண்டுவின் குரல் அடைத்தது. பிறகு நடை குறைந்தது. ஒரு பின்னேரம் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, நான் ஆரையும் பிழையாகக் கதைச்சுப் போட்டனோ என்று மெல்லக் கேட்டார். ஆயுதப் பெட்டி எங்கை என்று தேடினார். நினைவு வந்ததும் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். கனகாம்பிகை கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து ஒளித்துவிட்டு, பாயை அவருடைய காலடியில் போட்டுக்கொண்டாள்.

மகாநாட்டன்று காலையில் வாழைத் தண்டும் தோரணமும் கட்டிய கார் அவளுடைய படலையில் வந்து நின்றது. தலைவர், பொருளாளர், பத்மாசினி ரீச்சர் மூவரும் மாலையோடு உள்ளே வந்தார்கள். மார்க்கண்டு திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர் முதலில் இதை அடக்கம் என்று பாராட்டினார். சிறிது நேரம் போக, இது உபதலைவர்களுடைய சூழ்ச்சி, யாரோ காரியதரிசியின் மனதை நோகப் பண்ணிவிட்டார்கள் என்றார். அருளம்பலம் கட்டிலுக்குக் கிட்டக் குனிந்து, உபதலைவர் பதவி ஒன்று தருவதாகக் குறைந்த குரலில் பேரம் பேசிப் பார்த்தார்.

"உது கோவமில்லை, ஐயா. வீழ்ச்சி," என்றாள் கனகாம்பிகை. "டொக்டர் சொன்னவர். கார் படலையிலைதானே நிக்குது. ஒருக்கால் ஏத்திக்கொண்டு போய் விடுங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

வீழ்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மூவருக்கும் முகம் மாறியது. அது மிகவும் அபசகுனமான சொல், மகாநாட்டு நாளில் வாயில் எடுக்கலாமோ என்று ரீச்சர் கேட்டார். அருளம்பலம் சட்டத்தைச் சொன்னார். காரை நோயாளருக்கு விடக் காரியதரிசியின் கையொப்பம் வேண்டும். காரியதரிசிக்கு ஏலாவிட்டால் பதில் காரியதரிசியைக் கூட்டத்தில் தெரிய வேண்டும். கூட்டத்தைக் கூட்டுகிற அதிகாரம் காரியதரிசிக்கு மட்டுந்தான் உண்டு.

"நான் எழுதின யாப்பு, தங்கச்சி," என்றார் அவர். அந்த நேரத்திலும் அவருடைய முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "ஒரு ஓட்டை கண்டு பிடிக்க ஏலாது."

ஆனால் மகாநாடு சபையின் அலுவல். சபையின் அலுவலுக்குக் காரியதரிசியைக் காரில் ஏற்றக் கையொப்பம் தேவையில்லை. ஆகவே மூவரும் டிரைவருமாக மார்க்கண்டுவைத் தூக்கி, வேட்டி கட்டி, தோரணக் காரில் இருத்திக்கொண்டு போனார்கள். கார் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் மண்டபப் பக்கம் திரும்பியதைக் கனகாம்பிகை பின்சீட்டில் இருந்தபடி பார்த்தாள். அவரை விழாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் அவளுக்குக் கை ஒழிவில்லை.

மேடையின் நடுவில் அவரை வைத்தார்கள். மாலைக்கு மேல் மாலை விழுந்து கழுத்தை அமுக்கியது. அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. உணர்ச்சிப் பெருக்கு என்றார் தலைவர். காரியதரிசி இதுவரை ஆற்றிய உரைகளிலேயே இந்த மௌனந்தான் சிறந்த உரை என்றார். ஐந்தாவது பேச்சுக்குப் பிறகு, காரியதரிசியின் வெற்றிக்குப் பின்னால் நிற்கிற பாரியார் இரண்டு வார்த்தை பேசுவார் என்று பத்மாசினி ரீச்சர் அறிவித்தார். மைக்கைக் கொண்டுவந்து அவளுடைய கையில் கொடுத்தார்கள். அவளுக்குப் பேசத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொன்னாள்.

"இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். ஆராவது ஒருக்கால் வாங்கோ. என்னாலை தனிய ஏலாது."

கைதட்டல் நிற்க வெகு நேரமானது. சுருக்கமும் உருக்கமுமான பேச்சு என்றார்கள். மனநோயாளர் குடும்பங்களுக்கு ஆதரவு வழங்கப்படவேண்டும் என்ற தீர்மானம் அடுத்ததாக ஏகமனதாக நிறைவேறியது. நன்றியுரை முடிந்ததும் கார் பிரதம விருந்தினரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த நாள் பக்கத்து வளவுத் தங்கமுத்து ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாக மார்க்கண்டுவைத் தாங்கிப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். இறங்கி, ஏற்றி, இறங்கி, ஏற்றி ஆஸ்பத்திரி வந்து சேர மத்தியானமாகிவிட்டது. டொக்டர் ஓடி வந்து அவரைத் தாங்கிக்கொண்டார். கட்டில் ஒன்று பிடித்துக் கொடுத்தார். வார்ட்டுக்கு வெளியே இருந்த வாங்கில் கனகாம்பிகை பல மாதங்களுக்குப் பிறகு பகலிலேயே நித்திரையாகிப் போனாள்.

ஆடி முடிய அவர் வீட்டுக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார், ஆனால் சோறு தின்றார், ஆளைப் பார்த்துக் கதைத்தார். இரவல் சாவி வாங்கி ஒரு பழைய மிசினையும் கழற்றத் தொடங்கினார். கை நடுங்கியது. நட்டு விழுந்தால் அவள் எடுத்துக் கொடுப்பாள். குளிசையை அவளே கொடுத்து, விழுங்கி முடியுமட்டும் முன்னால் நிற்பாள். இப்படியே இருந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று கோவிலில் சொல்லி வைத்தாள்.

அப்போதுதான் சபைக்கு அவருடைய நினைவு வந்தது. சுகம் விசாரிப்பதற்கென்று தலைவரும் பொருளாளரும் அதே காரில் வந்து இறங்கினார்கள். விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்தாள். சோமசேகரம் மார்க்கண்டுவை மேலும் கீழும் பார்த்தார். நடுங்குகிற கையைப் பார்த்தார். சுருக்கமாக ஓம், இல்லை என்று மட்டும் பதில் சொல்கிற வாயைப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே துக்கமாகிவிட்டது. மேடைத் தமிழைக்கூட மறந்துபோனார்.

"மிஸ்டர் மார்க்கண்டு, உங்களை இப்பிடிப் பாக்க எனக்கு மனம் கேக்குதில்லை. அந்தக் குரல் எங்கை? அந்த வேகம் எங்கை? நல்லா இருந்த மனிசனை ஆஸ்பத்திரியிலை என்ன செய்து போட்டாங்கள்?"

காரியதரிசிக் கதிரை இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது என்று அருளம்பலம் தெரிவித்தார். மருந்து உட்கொள்வோர் பற்றிய பிரிவு உங்களுக்குத் தெரியுந்தானே என்றும் ஞாபகப்படுத்தினார். அதை மாற்றலாமே என்று கனகாம்பிகை தூணுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அது அவருடைய காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் விழாதமாதிரி இருந்தார். தேத்தண்ணீர் நன்றாயிருந்ததென்று சொல்லிவிட்டு இருவரும் எழும்பினார்கள்.

கார் ஒழுங்கையால் போய் மறையும் வரை மார்க்கண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கனகாம்பிகை தண்ணீர்ச் செம்பையும் குளிசையையும் கொண்டுவந்து முன்னால் நின்றாள். அவர் குளிசைக்கு வாயைத் திறக்கவில்லை.

"கனகம், நான் அப்ப நல்லாக் கதைச்சனான், என்ன?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஓம்," என்றாள்.

"சனம் அழுதது. நான் கண்டனான்."

"ஓம்."

"இப்ப ஒரு நட்டைக்கூடப் பிடிக்க ஏலாமல் கிடக்கு."

டொக்டர் சொல்லிக் கொடுத்தது இரண்டே சொல். இரண்டையும் அவள் சொல்லி முடித்துவிட்டாள். வேறு யாரிடம் போய் என்னவென்று கேட்பது. மார்க்கண்டு நீட்டியிருந்த அவளுடைய கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, குளிசையை அவளுடைய கைக்குள்ளேயே வைத்து மூடினார். கோபமாக இல்லை, மிகவும் அன்பாகத்தான் செய்தார். பிறகு நிமிர்ந்து இருந்து, தலைமயிரை விரலால் கோதிக்கொண்டு கேட்டார்.

"அடுத்த கூட்டம் எப்பவாம்?"